‘மூதி’க்கு நான் கொடுத்த அர்த்தம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை செம்பூரில் ஒரு ஹாலில் வைத்து எனக்கு சர்டிபிகேட் கொடுத்தார்கள். கெட்டி அட்டை, ஓரம் முழுக்கத் தங்கக் கலர் கோடு. பெயர் ‘செல்வி களக்காடு’ என்று இருக்கிறது. களக்காட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த பால்வாடி வேலைக்கு பாரம் எழுதும்போது கிளார்க் ‘ஆட்நாவ்?’ என்று கேட்டார். ஆட்நாவ் என்றால் குடும்பப் பெயர் என்று எனக்குத் தெரியாது. நாவ் என்றால் பெயர், அதைச் சொல்லியாகிவிட்டது, இனி கேட்பதற்கு ஊரைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று ஊரைச் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அடையாள அட்டையில் நான் களக்காடு. ஆதாரில் வேறு, பாங்கில் வேறு. சரிசெய்யப் போன ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தப்பு சேர்ந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரர் அட்டையை மாட்ட ஆணி தேடினார். வேண்டாம் என்றேன்.

“ஏன், லீடரம்மாவுக்கு வெக்கமாக்கும்?” என்றார்.

வெட்கம்தான். ‘எங்க அக்கா பம்பாயில பெரிய டீச்சர் ஆயிட்டா’ என்று என் தம்பி ஊரில் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். பெரிய டீச்சர் ஆன கதையை அவன் முழுசாகக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஆரம்பமே கோணல். மராத்தியில் ஒரு கடிதம் வந்தது, ‘நேத்ருத்வ பிரஷிக்ஷண்’ என்று. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். நேத்திரம் என்றால் கண், பிரஷிக்ஷண் என்றால் பயிற்சி. எங்கள் சன்ஸ்தா, அதாவது இந்த பால்வாடிகளை நடத்துகிற தொண்டு நிறுவனம், அதற்கு முந்தின வருஷம் பல் முகாம் வைத்தது. இந்த வருஷம் கண் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் ரஹ்மத் அக்காவிடம் சொன்னேன்.

“எனக்கும் பேரு குடுத்துரு. ஊசியில நூல் கோக்க முடியல” என்றாள் அக்கா.

இரண்டு பெயரையும் கொடுத்தேன். ஆபீஸிலிருந்து நீலேஷ் சார் போன் செய்தார். எங்கள் பகுதி பால்வாடிகளை மேற்பார்க்கிறவர், வயதில் என்னைவிட மிகவும் சின்னவர், ரொம்ப மரியாதையானவர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். நேத்ருத்வ என்றால் கண் இல்லையாம், தலைமையாம். பயிற்சி முடித்தால் என்னை கேந்திர பிரமுக் ஆக்குவார்களாம், அதாவது சென்டருக்குப் பொறுப்பாளர். அக்கா பெயரை அடித்துவிடட்டுமா என்று கேட்டார். அடியுங்கள் என்றேன்.

2

எங்கள் பால்வாடி தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சொசைட்டி ஆபீஸுக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏறிப்போக இரும்புப் படி. ஒரு அறை, ஒரு ஜன்னல், இருபத்தெட்டுப் பிள்ளைகள். நான் சேர்ந்தபோது பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். இப்போது ஆறோ ஏழோ. மற்றதெல்லாம் உத்தரப் பிரதேசம், பீகார், கொஞ்சம் மராத்தி. எல்லாருமே என்னை ‘தாயி’ என்று கூப்பிடுவார்கள். நம்மூரில் தாயி என்றால் பெற்றவள், இங்கே மராத்தியில் அக்கா. முதல் மாதம் ஒவ்வொரு பிள்ளையும் தாயி என்று கூப்பிடும்போது அள்ளித் தூக்கிக்கொண்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ரஹ்மத் அக்கா மேலப்பாளையம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்தார். இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். ஆபீஸ் ரெஜிஸ்டரில் அவள் ‘மாவ்ஷி’. மராத்தியில் சித்தி என்று பொருள், ஆனால் பள்ளிக்கூடங்களில் ஆயாவுக்கு அதுதான் பெயர். அறை பெருக்குவது, கிச்சடி வைப்பது, ஊட்டுவது, ஒன்றுக்குப் போன பிள்ளைக்கு ஜட்டி மாற்றுவது, மத்தியானம் தூங்க வைப்பது எல்லாம் அவள். பாட்டும் படமும் நான். இதில் எது கல்வி என்று என்னைக் கேட்டால் பயிற்சிக்கு முன்னால் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

அக்கா இந்தியை மேலப்பாளையத்து ராகத்தில்தான் பேசுவாள். பாதியில் இந்தி தீர்ந்துபோகும், தமிழ் ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். மனசுக்குப் பிடித்த பிள்ளையை அவள் கூப்பிடுகிற விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ‘ஏ மூதி.’ ரொம்பப் பிடித்துவிட்டால் ‘செத்த மூதி.’ பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் தன் பொம்மை நாயையே மூதி என்றுதான் கூப்பிடுவான். என்னையும் அவள் பெற்றோர்கள் முன்னால் டீச்சர் என்பாள், அவர்கள் படியிறங்கின மறு நிமிஷம் ‘ஏட்டி’ என்பாள். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

3

பயிற்சி ஆறு சனிக்கிழமை. சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, ஹார்பர் லைன் பிடித்து செம்பூர். சீத்தா கேம்பிலிருந்து இரண்டு பேர், வடாலாவிலிருந்து ஒருத்தி, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து எல்லாரும் வட்டமாக உட்காருவோம். சொல்லிக்கொடுத்தவர் பூனாவிலிருந்து வருவார். அதனால் அவர் பூனா மேடம். ஒல்லி, கண்ணாடி, பருத்திப் புடவை. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

கேலி செய்ய நிறைய இருந்தது. ‘உங்கள் விஷன் என்ன’ என்று கேட்டார். அறைக்கு இன்னொரு ஜன்னல், பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் என்று எழுதினேன். இது கோரிக்கை, விஷன் இல்லை என்றார். எனக்கு இன்றைக்கும் அது விஷனாகத்தான் தெரிகிறது. ஆனால் கேலி செய்து தள்ளிவிட முடியாததும் இருந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் கத்தும்போது நாமும் கத்தாமல் எப்படி அமைதியாக்குவது, கோபமாக வந்த தகப்பனை முதலில் உட்கார வைப்பது எப்படி, கூட வேலை பார்ப்பவரின் குறையை நாலு பேர் முன்னால் சொல்லாமல் இருப்பது எப்படி. பன்னிரண்டு வருஷமாக நான் குத்துமதிப்பாகச் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் நோட்டுக்கு அட்டை போட்டேன்.

நான்காம் வாரம் ‘நிரீக்ஷண்’ என்ற வீட்டுப்பாடம். உடன் வேலை செய்பவரை அரை மணி நேரம் கவனித்து எழுத வேண்டும். மூன்று கட்டம்: என்ன சொன்னார், என்ன செய்தார், பிள்ளை என்ன செய்தது. ‘லீடர் முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் பேச வேண்டும்’ என்றார் மேடம்.

நான் ரஹ்மத் அக்காவைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். ‘குழந்தைக்கு அன்பாகச் சாப்பாடு ஊட்டினார்’ என்று இந்தியில் ஒரு வரி. மேடம் ‘அன்பாக’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

“இது நீங்கள் நினைப்பது, தாயி. நீங்கள் கேட்டதை எழுதுங்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன? அப்படியே வேண்டும்.”

வகுப்பில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். நல்ல மாணவி என்று பெயர் வாங்கும் ஆசை அந்த வயதிலும் விடவில்லை.

4

திங்கட்கிழமை நோட்டோடு சுவர் ஓரம் உட்கார்ந்தேன். அக்கா முஸ்கானுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயது, உத்தரப் பிரதேசத்துப் பிள்ளை. வந்து இரண்டு மாதம் வரைக்கும் வாயே திறக்கவில்லை, பேசவும் இல்லை, தின்னவும் இல்லை. அக்காதான் அதை மடியில் போட்டுப் போட்டுத் தேற்றினாள்.

“ஏ செத்த மூதி, வாயத் தொற. தொறக்கலன்னா கன்னத்தக் கடிச்சுத் தின்னுருவேன், பாத்துக்க.”

முஸ்கான் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தது. நான் சொல்லுக்குச் சொல் எழுதினேன். மூன்றாம் கட்டத்துக்கு வந்தபோது ‘சந்தோஷமாக’ என்று எழுதப்போய், அது என் நினைப்பு அல்லவா என்று அடித்தேன். அடித்த வேகத்தில் சிரித்ததும் போய்விட்டது. ‘வாயைத் திறந்தாள், சாப்பிட்டாள்’ என்பது மட்டும் நின்றது.

அறிக்கையை மொபைலில் இந்தியில் அனுப்ப வேண்டும். எனக்கு இந்தி டைப்பிங் வராது. என் மகள் பிரியா மாட்டுங்காவில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. வாரத்துக்கு ஒரு நாள் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், ‘ண’வும் ‘ன’வும் வரும்போதே தூங்கிவிடுவாள். எனவே நான் நோட்டைப் பார்த்துத் தமிழில் வாசிக்க, அவள் கட்டிலில் சாய்ந்தபடி இந்தியில் அடித்தாள்.

“மா, மூதி மத்லப்?”

மகள் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டாள் என்ற பூரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “மூதேவிதான் மூதி. லச்சுமிக்கு அக்கா. அவ வந்தா வீட்டுக்குத் தரித்திரம்” என்று விளக்கமாகச் சொன்னேன்.

“அச்சா, மன்ஹூஸ்” என்று அடித்தாள், துக்கிரி என்பதற்கு இந்தி அது. “செத்த?”

“செத்துப்போன.”

“மரீ ஹுயீ. அப்புறம்?”

கடித்துத் தின்பதையும் சொன்னேன். அவள் கை நின்றது.

“மாவ்ஷி நிஜமா, சச்சி, இப்படியா பேசுவாங்க, சின்னப் பிள்ளைகிட்ட?”

“சும்மா சொல்லுவாவ. நீ அடி.”

‘சும்மா’வுக்கு எந்தக் கட்டமும் இல்லை. என் காதில் அக்காவின் குரல் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தது, திரையில் என்ன ஏறுகிறது என்று நான் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

5

புதன்கிழமை காலையில் நீலேஷ் சார் போன். எப்போதும் ‘தாயி, சாப்பிட்டீர்களா’ என்று ஆரம்பிப்பவர், அன்றைக்கு அறிக்கையை வாசித்தார். இந்தியில் வாசித்தபோதுதான் நான் அதை முதல் தடவையாகக் கேட்டேன். ‘ஏ செத்துப்போன துக்கிரியே, வாயைத் திற. திறக்காவிட்டால் கன்னத்தைக் கடித்துத் தின்றுவிடுவேன். குழந்தை வாயைத் திறந்தது.’

பிள்ளைகளை வதைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு சன்ஸ்தாவில் விதி இருக்கிறது. நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புகார் எழுத்தில் வந்துவிட்டால், விசாரித்து முடியும்வரை அந்த ஆள் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. புகாரே இல்லை சார், அவர்கள் கொஞ்சினார்கள் என்றேன். கொஞ்சியதாக இதில் இல்லையே என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பிறகு, பொறுப்பாளராகப் போகிறவர் நீங்கள், மாவ்ஷியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். லீடராக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அக்கா கிச்சடிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, ஆபீஸ்ல ஒரு விசாரணை இருக்காம். அது முடியுந்தன்னியும் நீங்க வர வேண்டாம்னு சொல்லுதாவ.”

“என்ன விசாரணை?”

“நீங்க புள்ளையள வைதீங்கன்னு. பயமுறுத்துனீங்கன்னு.”

“யாரு சொன்னா?”

சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது, யாரோ பெற்றோர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“நாந்தான் எழுதிக் குடுத்தேன். பாடத்துக்கு. நீங்க முஸ்கான மூதின்னு சொன்னத அப்படியே எழுதுனேன், இந்தியில அது வேற மாதிரி ஆயிருச்சு.”

அக்கா தண்ணீரை வடித்து அரிசியை ஒரு ஓரமாக வைத்தாள். மேலே போர்த்தியிருந்த துப்பட்டியில் கையைத் துடைத்தாள். அவள் என்னை ரெண்டு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி டீச்சர்” என்றாள். “உப்பு இன்னும் போடல. பாத்துக்கிடுங்க.”

அறையில் பெற்றோர் யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

6

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள், முஸ்கான் தின்றதா என்று கேட்டாள். தின்னவில்லை என்றேன். அவள் முகம் அப்போதுதான் உடைந்தது.

“நான் வேலைக்கு அழல டீச்சர். என் மவன்மாரு எனக்குச் சோறு போடுவானுவ. நாளைக்கி இந்தச் சந்துல ஒருத்தி எம் மடியில புள்ளைய விடுவாளா? வாளித் தண்ணி எடுக்கப் போகையில எத்தன பேரு எங்கிட்டப் புள்ளையத் தந்துட்டுப் போவா. இன்னைக்கி ஒருத்தியும் தரல.”

விஷயம் அதற்குள் சந்து முழுக்கப் பரவியிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நீலேஷ் சார் ஒரு வழி சொன்னார். மகள் டைப் செய்யும்போது தப்பு செய்துவிட்டாள் என்று ஒரு வரி அனுப்புங்கள், மேலே பேசி முடித்துவிடுகிறேன் என்றார். எல்லாருக்கும் நல்லது, என் சர்டிபிகேட்டுக்கும் நல்லது. அந்த வரியையும் பிரியாவிடமே கொடுத்து அடிக்கச் சொன்னேன், பாருங்கள் என் புத்தியை. பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“மா, யே மைனே நஹீ கியா, நான் பண்ணல. நீ சொன்ன அர்த்தத்ததான் நான் போட்டேன். அப்பவே கேட்டேன்ல, மாவ்ஷி சச்சி இப்படியா பேசுவாங்கன்னு?”

கேட்டாள்தான். தமிழ் தெரியாது என்று நான் அங்கலாய்க்கிற பிள்ளைக்குத்தான் அந்த வரி உறுத்தியது. தமிழ் தெரிந்த எனக்கு உறுத்தவில்லை. அடித்ததை அழித்துவிடச் சொன்னேன். அவள் அழித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ‘சாய் பனாவூம்?’ என்று, டீ போடட்டுமா என்று, கேட்டாள். எங்கள் வீட்டில் ஆறுதலும் இப்போது இந்தியில்தான் வருகிறது, வரட்டும்.

ஆனால் உண்மையை எப்படிச் சொல்லி விளங்க வைப்பது? செத்துப்போன துக்கிரி என்றால் கண்ணே என்று அர்த்தம் என்று சொன்னால் எந்த ஆபீஸ் ஒத்துக்கொள்ளும்? இந்தி அகராதியைப் பிரியாவின் போனில் குடைந்து பார்த்தேன். பைத்தியக்காரிக்கு பாவ்லி, பகலி, குறும்புக்கு ஷைத்தான் எல்லாம் வந்தன. ஒன்றும் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் வாங்க கோலிவாடா பக்கம் போனேன். தாராவி தாராவியாகும் முன்பிருந்தே அங்கே இருக்கிற மீனவர்கள் அவர்கள், மராத்திக்காரர்கள். ஒரு அம்மா பாங்கடா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன், நாலு வயதிருக்கும், மீன் கூடையில் கையை விட்டான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை இழுத்து முழங்கைகளால் கட்டிக்கொண்டு, ‘அரே மேல்யா, அங்கேயா கை வைக்கிற’ என்பது மாதிரி என்னமோ மராத்தியில் கொஞ்சி, முகத்தை முகத்தால் தேய்த்தாள். அவன் சிரித்தான்.

மேல்யா. மேலா என்றால் செத்தான். மேல்யா என்றால், செத்தவனே.

பத்தொன்பது வருஷமாக இந்தச் சந்தையில் நான் மீன் வாங்குகிறேன். அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

“தாயி, பெத்த பிள்ளையை ஏன் செத்தவனே என்கிறீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பிள்ளை, நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது என்றாள். பிறகு, மீன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

7

அடுத்த வாரம் விசாரணைக்கு நீலேஷ் சாரும் பூனா மேடமும் வந்தார்கள். பாடம் கொடுத்தவர் என்பதால் மேடத்தையும் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் போன பிறகு, மத்தியானம், குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். அக்கா தரையில் உட்கார்ந்தாள். மேலே உட்காரச் சொன்ன மேடத்திடம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

தப்பாகக் கேட்டுவிட்டீர்களா என்று மேடம் என்னிடம் கேட்டார்.

“இல்லை மேடம், சரியாகத்தான் கேட்டேன். தப்பாக எழுதினேன். என் மகள் தப்பு செய்யவில்லை, மாவ்ஷியும் செய்யவில்லை. அர்த்தம் கொடுத்தது நான். மன்ஹூஸ் என்பதை அடித்துவிட்டு, மராத்தியில் ‘மேலே’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பையன் என்றால் மேல்யா, பெண் என்றால் மேலே.”

நீலேஷ் சாருக்குப் புரியவில்லை. அவர் நாக்பூர் பக்கம், அங்கே மராத்தி இருந்தாலும் இந்தக் கொஞ்சல் இல்லையாம். மேடத்தின் பேனா நின்றது. பூனா மேடம் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அவர் பிறந்தது கடற்கரையோர ரத்னகிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“என் அம்மா கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நான் காலேஜில் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகும்.”

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் லேசில் விடவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: “என் அம்மா பேசியது எனக்குப் புரிந்த பாஷை. முஸ்கானுக்குத் தமிழ் தெரியாதே. அவளுக்கு எப்படித் தெரியும், இது கொஞ்சல் என்று?”

சரியான கேள்வி. பதில் என் மூன்றாம் கட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

“முஸ்கான் சிரித்தாள் மேடம். சத்தமாகச் சிரித்தாள். நான் அதை எழுதவில்லை.”

“ஏன்?”

“அன்பாக என்று எழுதியதற்கு நீங்கள் வட்டம் போட்டீர்கள். பயந்துபோய், சிரித்ததையும் சேர்த்து அடித்துவிட்டேன்.”

மேடம் என் நோட்டை வாங்கி, அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சிரித்தது கண்ணால் கண்டது, அது இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்காதது தன் பிசகு என்று நீலேஷ் சாரைப் பார்த்துச் சொன்னார். அதை எழுதிக்கொள்ளவும் சொன்னார். ஒரு லீடர் என்ன செய்வார் என்பதற்கு ஆறு சனிக்கிழமையிலும் கிடைக்காத நல்ல பாடம் அது.

அக்கா அந்த அறிக்கையை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். நீலேஷ் சார் தயங்கித் தயங்கி இந்தியில் வாசித்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இதச் சொன்னவ எவளோ. அவளப் புள்ளையளுட்ட விடக்கூடாதுதான்” என்றாள்.

நான் அதை மேடத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை நிதானமாகச் செய்தேன்.

8

அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதை நானே சந்தில் நின்று இந்தியிலும் தமிழிலும் வாசித்தேன், முஸ்கானின் அம்மாவிடம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதல் அறிக்கையை பைலிலிருந்து எடுக்க முடியாதாம். எழுதினது எழுதினதுதான், பின்னால் விளக்கத்தை இணைத்திருக்கிறார்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி: ‘அனைவருக்கும் புரியும் சொற்களைப் பயன்படுத்துவது நல்லது.’

அந்த ஒரு வரியை அக்கா அப்படியே மனசில் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளையும் ‘பேட்டா’, இந்தியில் மகனே, மகளே என்பது மாதிரி. பேட்டா இதர் ஆவோ என்று கூப்பிடுவதும், பேட்டா காவோ என்று சாப்பிடச் சொல்வதும்தான். கிச்சடியை ஸ்பூனால் ஊட்டினாள். மடியில் யாரையும் போடவில்லை. பேட்டா என்ற சொல்லில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அவள் வாயில் அது ரெஜிஸ்டரில் எழுதினது மாதிரி இருந்தது. பொம்மை நாய் வைத்திருக்கும் பையன் மட்டும் பழைய பெயரை விடவில்லை, அவன் அதைக் கூப்பிடும்போதெல்லாம் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பழையபடி பேசுங்கள் அக்கா, இனி நான்தானே பொறுப்பாளர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “சரி டீச்சர்” என்றாள். பேட்டா பேட்டாவாகவே நின்றது.

சர்டிபிகேட் வாங்கி வந்த மறு செவ்வாய்க்கிழமை காலையில் முஸ்கான் இரும்புப் படியின் கடைசிப் படியில் தடுக்கி, அறை வாசலில் குப்புற விழுந்தாள். முழங்கால் உரசி ரத்தம் கசிந்தது. வீரிட்டு அழுதாள். அக்கா ஓடிவந்தாள், நாலடி தள்ளி நின்றுவிட்டாள். “கோயி பாத் நஹீ பேட்டா, உடோ” என்று நின்ற இடத்திலிருந்தே எழுந்திருக்கச் சொன்னாள். பின்னாலேயே இரண்டு தாய்மார்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் கை இரண்டும் துப்பட்டியைப் பிடித்திருந்தன.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நானே போய்க் குனிந்தேன். அந்தத் தாய்மாருக்கும் கேட்கட்டும், தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்:

“ஏ செத்த மூதி, எந்தி.”

முஸ்கான் அழுகையை நிறுத்தினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக அழ ஆரம்பித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

“நீங்க சொன்னா நெசமாவே வையுத மாதிரில்லா இருக்கு, டீச்சர். தள்ளுங்க.”

என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு முஸ்கானை வாரி எடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு மடியில் போட்டுக்கொண்டு முழங்காலில் ஊதினாள். “ஒண்ணுமில்ல மூதி, ஒண்ணுமில்ல. படியையா கடிச்ச? ஒன்னயக் கடிச்சுத் தின்னுரவா?” முஸ்கான் விம்மிக்கொண்டே கன்னத்தைக் கொடுத்தாள். வந்த தாய்மார்களில் ஒருத்தி தன் பிள்ளையையும் அக்கா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.

பிள்ளைகளுக்கு அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிறகும் நான் அவளுக்கு டீச்சர்தான், வாங்க போங்கதான், தாய்மார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவள் ஏட்டி என்று கூப்பிட மாட்டாளா என்று தினமும் கதவைப் பூட்டும்போது கொஞ்ச நேரம் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ‘வாரேன் டீச்சர்’ என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போகிறாள்.